கூக்குவா, வயது ஏழு

வெள்ளிக்கிழமை காலை நான் ரொட்டி வாங்கப் போனபோது, வேன் நிலையத்துக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் கூக்குவா இறந்துபோயிருந்தாள்.

அந்தக் கம்பத்தில் எப்போதும் யாராவது இறந்திருப்பார்கள். எங்கள் கடலோர ஊரான சால்ட்பாண்டில் செய்தித்தாள் படிக்கிறவர்கள் குறைவு, கம்பத்தைப் படிக்காதவர்கள் யாரும் இல்லை. அன்று இடது பக்கத்தில், எண்பத்தெட்டு வயதில் போன மீனவர் தலைவர் ஒருவர் 'கர்த்தர் அழைத்தார்' என்ற தலைப்புக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தில் மழையில் பாதி கிழிந்த ஓர் அம்மாள். நடுவில், வெயில் படாத புதுத் தாளில், சிவப்பும் கறுப்புமான பார்டருக்குள் கூக்குவாவின் முகம். மேலே கொட்டை எழுத்தில் 'என்ன ஓர் அதிர்ச்சி' என்று இருந்தது. முதியவர்களுக்கு அந்தத் தலைப்பைப் போடமாட்டார்கள். போகக்கூடாத வயதில் போனவர்களுக்கு மட்டும்தான் போடுவார்கள். முகத்துக்குக் கீழே மூன்று வரிகள். கூக்குவா, வயது 7. படங்களும் புத்தகமும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, மெதடிஸ்ட் சபை மண்டபம்.

அந்த முகத்தை வரைந்தவள் நான். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும் என்பதும், விழுந்த முன்பல்லின் இடத்தில் நாக்கு நுனி எட்டிப்பார்க்கும் என்பதும் அவளை வளர்க்கும் பெரியம்மா எஃபுவாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் மாலைகூட அவள் என் வகுப்பறைத் தரையில் உட்கார்ந்து கிரேயான்களை நிறவாரியாக அடுக்கிவிட்டுப் போயிருந்தாள். அப்படியிருந்தும் ஒரு கணம் நம்பிவிட்டேன். பார்த்துப் பழகிய அந்தச் சிவப்பும் கறுப்பும் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டன. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எப்போ?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

கம்பத்தடியில் தக்காளி விற்கிற அம்மா தன் முக்காலியை என் பின்னால் தள்ளினாள். தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் திறந்து கையில் கொடுத்தாள்.

"உக்காருங்க டீச்சர். நேத்து சாயங்காலமே ஒட்டிட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பாவம், விழுந்த பல்லு மொளைக்கக்கூட இல்ல."

தண்ணீர் தொண்டையில் இறங்கியபோதுதான் மறுபடி படித்தேன். வயது 7. நான் எழுதிக் கொடுத்தது 'வயது 7 முதல்'.

அது என் புத்தகத்துக்கான சுவரொட்டி. பதினெட்டு வருடம் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவள், பிள்ளைகளுக்கு நம் கடற்கரையிலேயே நடக்கிற ஒரு படக்கதை வேண்டும் என்று நினைத்து, நானே எழுதி நானே வரைந்த முதல் புத்தகம். பெயர் 'கூக்குவா'. தலைநகரில் அச்சாகி வந்துவிட்டது. சனிக்கிழமை அதன் வெளியீடும், அதிலுள்ள பன்னிரண்டு ஓவியங்களின் கண்காட்சியும். சுவரொட்டிக்கு மட்டும் உள்ளூரில் எபோவின் அச்சகத்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊரில் வாரா வாரம் சனிக்கிழமை அடக்கம் நடக்கும். எபோ அண்ணன் வாரத்துக்கு இருபது பேருக்குச் சுவரொட்டி அடிக்கிறவர், அத்தனையும் சாவுக்கு. அதோடு இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, படங்கள் சேர்த்து, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற புத்தகத்தையும் அவர்தான் அடிப்பார். படங்களும் புத்தகமும். சனிக்கிழமை. சபை மண்டபம். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் வேறு எதை நினைத்திருப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை அவரிடம் போனபோது எனக்குக் கடும் ஜலதோஷம். குரல் அடைத்து, கண் சிவந்து, படத்தையும் தாளையும் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் படத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "காசு வேண்டாம் டீச்சர். இந்தப் பிள்ளைக்காக நான் பண்றேன்" என்றார். குழந்தைகள் புத்தகத்தின் மேல் இவ்வளவு மதிப்பா என்று நான் நெகிழ்ந்துபோனேன். துக்கத்தில் நிற்கிறவரிடம் விவரம் கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை, அதனால் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்ததை மறுபடி சரிபார்ப்பது நன்றாக இருக்காது என்று நானும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய நல்ல பழக்கமும் சேர்ந்து ஒரு குழந்தையைக் கம்பத்தில் ஏற்றிவிட்டன.

எஃபுவாவின் வீட்டுக்கு ஓடினேன். தெருமுனையில் திரும்பும்போதே கறுப்புப் பந்தல் தெரிந்தது. அதற்குள் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். கறுப்பும் சிவப்புமாகத் துணி கட்டிய பெண்கள். முன்வரிசையில், எல்லோருக்கும் நடுவே, கூக்குவா கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து மீன் தொட்டு கென்கே தின்றுகொண்டிருந்தாள். அவித்த சோளமாவு அவள் மோவாயில் ஒட்டியிருந்தது.

"டீச்சர், நான் செத்துட்டேனாம்," என்றாள். "அதான் ரெண்டு கென்கே குடுத்தாங்க."

நான் அவள் தலையில் கை வைத்தேன். சூடாக இருந்தது. கையை எடுக்க முடியவில்லை.

அவளுடைய பெரியம்மா எஃபுவா, மீன் புகைபோடும் அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அழுத கண், ஆனால் கோபத்தில் காய்ந்திருந்தது.

"விடியக்காலையில கதவைத் தட்டுறாங்க டீச்சர். தெறந்தா பத்துப் பேரு என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுவுறாங்க. யாரோ போயிட்டாங்க போலன்னு நானும் சேர்ந்து அழுவுறேன். நல்லா அழுது முடிச்சப்புறம்தான் கேட்டேன், ஆமா, யாரு போனதுன்னு. கூக்குவாங்கறாங்க. அவ என் பின்னாடி பல்லு தேய்ச்சிக்கிட்டு நிக்கிறா."

பெண்கள் சிரித்தார்கள். பந்தல்காரர், "ஏத்தின பந்தலை எறக்க இன்னைக்கு ஆள் இல்லம்மா, நிழலுக்கு இருக்கட்டும், வாடகை வேணாம்" என்றார். ஒருத்தி எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். இன்னொருத்தி, துக்கத்துக்கு என்று கொண்டுவந்த அரிசிப் பையைத் திருப்பி எடுத்துப் போகக் கூச்சப்பட்டு அடுப்படியில் வைத்தாள். என் மனப் பாரம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அப்போது ஓரத்து நாற்காலியில் இருந்த ஒரு மீன் வியாபாரி, கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அபிஜான்ல இருக்கற நம்ம ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல நேத்தே போட்டுட்டாங்க எஃபுவா. நானும்தான் அனுப்பினேன். சிலுவை போட்டு."

சிரிப்பு நின்றது. கூக்குவா மட்டும் மென்றுகொண்டிருந்தாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம், அபிஜானில்தான் கூக்குவாவின் அம்மா அரபா இருக்கிறாள். மூன்று வருடம் முன்பு, மேற்கே மீன் பிடிக்கப் போன பெரிய படகு ஒன்றில், ஆட்களுக்குச் சமைக்கவும் மீன் புகைபோடவும் ஏறிப் போனவள். நான்கு வயதுக் குழந்தை கரையில் நின்று கையாட்டியது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாள். மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் மட்டும் வரும்.

எஃபுவா உள்ளே ஓடிப்போய்ச் சார்ஜ் இல்லாமல் கிடந்த தன் கைப்பேசியை எடுத்துவந்து ஒயரில் சொருகினாள். திரை ஒளிர்ந்தது. அரபாவிடமிருந்து பத்தொன்பது அழைப்புகள். கடைசி அழைப்பு விடிவதற்கு முன்னால். திருப்பிக் கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. அவள் குடியிருக்கும் வீட்டுக்காரியின் எண்ணைத் தேடிப் பிடித்தோம். முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாளாம். எல்லை தாண்டினால் அந்த ஊர் சிம் வேலை செய்யாதாம். "யாரும் போனை எடுக்கல, அப்ப நெசம்தான்னு சொல்லிட்டு ஒக்காந்தா. அப்புறம் எந்திரிச்சுப் பையக் கட்டிட்டா," என்றாள் வீட்டுக்காரி.

"வரட்டும்," என்றாள் எஃபுவா. "உயிரோட இருக்கற பிள்ளையப் பாக்க மூணு வருஷமா பஸ்ஸு கெடைக்கல. செத்ததப் பாக்க மறுநாளே கெடச்சிருச்சு." சொல்லி முடித்ததும் அடுப்புத் திண்டில் உட்கார்ந்தாள். அவள் துணி முனையால் முகத்தை மூடிக்கொள்வதைக் கூக்குவா பார்த்தாள். தின்பதை நிறுத்தினாள்.

"அம்மா வர்றாங்களா?"

அவள் இறங்கிப்போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

எபோ அண்ணன் வந்தது அப்போதுதான். துக்கம் கேட்க, வெளுத்துத் தேய்த்த கறுப்புச் சட்டையில், தலையில் ஒரு பெட்டி குளிர்பானத்தோடு வந்தார். கூக்குவா அவருக்கு எதிரே போய், "எபோ மாமா, ஓரத்துல வெட்டின பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள். வழக்கமாக அவர் கடையில் கேட்பதுதான். அவர் பெட்டியை இறக்கவில்லை. அதோடு அப்படியே முழங்காலில் உட்கார்ந்தார். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"நூறு அடிச்சேன் டீச்சர்," என்றார். "நீங்க கேட்டது நாப்பது. சின்னப் புள்ளைக்கு நெறைய பேரு வரணும்னு நூறு அடிச்சு, நானே பசை வாளியத் தூக்கிட்டு மான்கெஸ்ஸிம் சந்தை வரைக்கும் ஒட்டினேன். தலைப்பு உங்க தாள்ல இல்ல. மனசு கேக்காம நானே போட்டேன்."

"செத்தவங்களுக்கு அடிச்சு அடிச்சு, உசுரோட இருக்கறவங்க மூஞ்சி மறந்துபோச்சு உங்களுக்கு," என்றாள் எஃபுவா.

"ஆமாம்மா," என்றார் அவர். அதற்குமேல் அவரைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

எல்லையிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஒரே நெடுஞ்சாலைதான். வழியில் நாலைந்து வேன் நிலையங்கள். அந்த நிலையங்களின் மேஸ்திரிகளை எல்லாம் எபோ அண்ணனுக்குத் தெரியும், அவர்கள் வீட்டுச் சாவுகளுக்கும் அவர்தான் அச்சடித்தவர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சால்ட்பாண்ட் போகிற பெண் யாராவது துக்கத்தோடு இறங்கினால் நிறுத்தி வைக்கச் சொல்லலாம் என்றார். சரி, நிறுத்தி என்ன சொல்வது?

"பிள்ளை நல்லா இருக்கா, பதறாம வான்னு சொல்லச் சொல்லுங்க," என்றேன் நான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மீன் வியாபாரிதான் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பா போனப்ப எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க டீச்சர். நல்லா இருக்காரு, நீ பதறாம வான்னு."

உண்மைதான். பயணத்தில் இருப்பவரிடம் சாவைச் சொல்லமாட்டோம். நன்றாக இருக்கிறார், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றுதான் சொல்வோம். எத்தனை தலைமுறையாகவோ இரக்கத்தால் பழகிய பொய். அதை நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு முறை அது உண்மையாக இருந்தபோது, அதை நம்புவதற்கு ஒரு தாயின் மனதில் இடம் இல்லை. ஆகவே மேஸ்திரிகள் எதுவும் சொல்ல வேண்டாம், போனை அவள் காதில் வைத்தால் போதும், கூக்குவாவே பேசட்டும் என்று முடிவு செய்தோம்.

எபோ அண்ணன் வாளித் தண்ணீரும் சுரண்டியுமாகக் கம்பம் கம்பமாகப் போனார். கைப்பேசி கூக்குவாவின் மடியில் இருந்தது. பகல் முழுவதும் அவள் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை. பந்தலின் நிழல் நகர்ந்து அவள் பாதங்களில் வெயில் விழுந்தபோது யாரோ நாற்காலியோடு அவளைத் தூக்கி நிழலில் வைத்தார்கள். மாலையில் ஒரே ஓர் அழைப்பு வந்தது. வழியில் உள்ள டக்கோராடி வேன் நிலைய மேஸ்திரி. எஃபுவா வாங்கிப் பேசினாள்.

"தனியா வர்ற பொண்ணு யாரும் இல்லம்மா. சால்ட்பாண்ட் போகணும்னு ஒருத்தி மட்டும் இருக்கா. கடைசி வேன் போயிருச்சு, பெஞ்சுல ஒக்காந்திருக்கா. ஆனா அவ முதுகுல கைப்புள்ளை இருக்கு."

"அவ இல்ல," என்றாள் எஃபுவா. "எங்க அரபாவுக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

போனை வைத்துவிட்டாள். நானும் தலையாட்டினேன்.

விழாவை நிறுத்திவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். எஃபுவா ஒப்பவில்லை. மூன்று மாதமாக இந்தச் சனிக்கிழமைக்காகக் கூக்குவா நாள் எண்ணுகிறாள், இனி அவளிடமிருந்து எடுக்க ஒன்றும் இல்லை என்றாள். உண்மையில் எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, ஜெபத்தில்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். புத்தகத்தில் வரைய எஃபுவாவிடம் அனுமதி கேட்டேன். கூக்குவாவிடம் கேட்டேன். அரபாவிடம் கேட்கவில்லை. அச்சாகி வந்ததும் அனுப்பிச் சந்தோஷப்படுத்தலாம் என்று எஃபுவா சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

ஏனென்றால் அந்தக் கதையில் ஒரு சிறுமி தினமும் மாலையில் கடற்கரையில் நின்று, திரும்பி வரும் படகுகளை எண்ணுகிறாள். அம்மா போன படகு அதில் இருக்காது. மறுநாள் மறுபடி எண்ணுகிறாள். பன்னிரண்டு ஓவியங்களிலும் அவள் எண்ணிக்கொண்டே இருக்கிறாள். நான் கற்பனை செய்தது படகுகளின் நிறங்களை மட்டும்தான். எபோவின் சுவரொட்டியில் இருந்தது பொய், ஒரு நாளில் சுரண்டி எடுத்துவிடலாம். நான் சுவரில் மாட்டப்போவது உண்மை. செத்துப்போன மகளைத் தேடி வருகிறவள் முதலில் பார்க்கப்போவது அதைத்தான்.

சனிக்கிழமை காலை மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தப் புத்தகத்துக்கும் அத்தனை பேர் வந்ததில்லை. எபோ சுரண்டி முடிக்காத கம்பங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கறுப்புத் துணியில் வந்தவர்கள் வாசலில் விஷயம் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் போகாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி போதவில்லை. பந்தல்காரர் எஃபுவா வீட்டு நாற்காலிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். துக்கத்துக்கு வந்த அரிசியைப் பெண்கள் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாது. படங்களுக்குக் கீழே ஓடினார்கள், தங்கள் அப்பாவின் படகை அடையாளம் கண்டு கத்தினார்கள். கடைசி ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கீழே கிரேயான் டப்பா வைத்திருந்தேன். வந்த படகை யார் வேண்டுமானாலும் வரையலாம். தாளில் அதற்குள் விமானமும் ஒரு கோழியும் வந்திருந்தன.

கூக்குவா வெள்ளை கவுனில் இருந்தாள். உயிர் தப்பியவர்களுக்கு நன்றி சொல்ல உடுத்துகிற வெள்ளை. எஃபுவா விடியலில் எழுந்து தேய்த்தது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார். "ஆண்டவரே, நாங்கள் அழ வந்தோம், நீர் எங்களைப் படம் பார்க்க வைத்தீர்" என்றார். ஆமென் சொல்லி நான் கண்ணைத் திறந்தபோது வாசலில் அரபா நின்றாள்.

மூன்று வருடத்தில் மெலிந்திருந்தாள். கறுப்புத் துணி, பயணத்தின் செம்மண் படிந்து. நெற்றியில் துக்கத்துக்கான சிவப்புப் பட்டை கட்டியிருந்தாள். அவள் முதுகில், துணியில் இறுக்கிக் கட்டி, பத்து மாதக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. எஃபுவா எழுந்தாள். குழந்தையைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை பேர், இவ்வளவு கறுப்பு, சமைக்கிற வாசனை, எதிர்ச் சுவரில் ரிப்பன் சுற்றிய பெரிய முகம். அரபாவுக்கு அது வேறு எதுவாகத் தெரிந்திருக்கும்? அவள் வலமோ இடமோ பார்க்கவில்லை. நடுவழியில் நேராக நடந்தாள். நான் கூப்பிட நினைத்தேன். ஜலதோஷத்தில் அடைத்த குரல் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. சுவரை அடைந்து, மகளின் படத்தில் உள்ளங்கையை வைத்து, இறந்தவர்களோடு பேசுகிற மாதிரி, கோபித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"அம்மா வந்துட்டேன் பாரு. இப்ப என்ன பேசாம இருக்க? ஞாயித்துக்கெழமைன்னா இருபது படகு வந்துச்சு, இருபத்தஞ்சு வந்துச்சுன்னு வாய் ஓயாம சொல்லுவியே. கேட்டுட்டு போனை வெச்சதும் நான் வெளிய போயி ஒக்காந்துக்குவேன்டி. வரணும்னுதான் இருந்தேன். உனக்கு ஒரு தம்பி பொறந்திருக்கான். உங்கிட்ட சொல்ல வாய் வரல. அப்பன் யாருன்னு உன் பெரியம்மா கேப்பா, ஊரு கேக்கும். இவன் நடக்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போகலாம்னு ஒவ்வொரு மாசமா தள்ளினேன். அதுக்குள்ள என்னடி அவசரம் உனக்கு? ஒரு தடவை கூப்புட்டு, அம்மா இப்பவே வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனே."

மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தோம். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லும் உரிமை யாருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எபோ அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

கடைசி ஓவியத்துக்குக் கீழே குந்தியிருந்த கூக்குவா எழுந்தாள். கையில் நீலக் கிரேயான். ஓடவில்லை. அம்மா என்று கூப்பிடவும் இல்லை. தன் படத்தோடு பேசிக்கொண்டிருக்கிற அந்த முதுகை, ஒரு புருவம் உயர்த்தி, முழுதாகப் பார்த்தாள். பிறகு அருகே போய் நின்றாள். கட்டிய துணிக்கு வெளியே குழந்தையின் பாதம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிரேயானை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பாதத்தின் சுண்டுவிரலைத் தொட்டாள்.

"ஒண்ணு," என்றாள்.

அரபாவின் பேச்சு பாதி வார்த்தையில் நின்றது.

"ரெண்டு. மூணு."

தூக்கத்திலேயே குழந்தை விரல்களை மடக்கியது. கூக்குவா அது நீள்கிற வரை காத்திருந்தாள். அப்புறம் நான்கையும் ஐந்தையும் எண்ணினாள். அரபா திரும்பவில்லை. அவளுடைய வலது உள்ளங்கை படத்தின் மேலேயே இருந்தது. இடது கை மட்டும் இடுப்பைத் தாண்டி, விரல்களை விரித்தபடி, பின்னால் காற்றில் தேடி வந்துகொண்டிருந்தது. அதற்கு எட்டாத தூரத்தில், அடுத்த பாதத்தைத் தேடிக் கூக்குவா மறுபக்கம் போனாள்.

"ஆறு," என்றாள்.